பின்வாசல் இருந்த சுவர்

எதிர்வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தபோது கடைக்குட்டி யாரோ ஒருவருடைய முழங்காலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வேலையே அதுதான். ஊரில் யார் யார் எங்கெங்கே வழுக்கி விழுந்தார்கள், எதை எதை உடைத்துக்கொண்டார்கள் என்று இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிற விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். வேலை நேரத்தில் போன் அதிர்ந்தால் எடுக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் சட்டம். அவள் எடுத்தாள்.

"கடைக்குட்டி, கோவிச்சுக்காதம்மா. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள உங்கப்பாவைக் காணோம்."

"கதவு பூட்டித்தானேக்கா இருந்துச்சு?"

"பூட்டித்தான் வச்சேன். சாவியை எங்க வச்சேன்னு எப்படித்தான் பார்த்தாரோ. காலைலேர்ந்து வேலைக்குப் போகணும்னு ஒரே பிடிவாதம். இன்னைக்குக் கடை லீவுன்னு நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். தினமும் எந்தக் கடைக்கும்மா லீவு விடுவாங்கன்னு திருப்பிக் கேட்டாரு. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டுப் பையையும் எடுத்துட்டுப் போயிருக்காரு."

வெள்ளைச் சட்டையும் சாப்பாட்டுப் பையும் என்றால் அப்பா வேறு எங்கும் போயிருக்க மாட்டார். அவள் உட்கார்ந்திருக்கிற இதே கட்டடத்துக்குத்தான் வந்திருப்பார். அதுவும் இந்நேரம் உள்ளே நுழைந்திருப்பார்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் வீட்டிலும் தெருவிலும் அவள் கடைக்குட்டிதான். புருஷன் என்று ஒருவன் வந்தான், போனான்; அந்தக் கதை இங்கே வேண்டாம். அண்ணன் ஒருவன் தனிக் குடும்பமாக இருக்கிறான்; கூடவே இருப்பது அப்பா ஒருவர்தான். அவருக்கு ஞாபகம் தப்பிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. பெற்ற மகளின் பெயரே சில நாள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் இந்தக் கட்டடத்துக்கு வர எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது மட்டும் ஒரு நாளும் மறப்பதில்லை.

இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிதர் ஏன் இங்கே வந்து முட்டிக்கொள்கிறார் என்பது விளங்காது.

கட்டின காலத்தில் ஊரிலேயே பெரிய கடை இதுதான். ஐந்து மாடி. ஊசி முதல் கட்டில் வரை வாங்கிக்கொண்டு ஒரே வாசல் வழியாக வெளியே போகலாம். கீழே வாசனைத் திரவியமும் கைக்கடிகாரமும். முதல் மாடி பெண்களுக்கு, இரண்டாவது ஆண்களுக்கு, மூன்றாவது குழந்தைகளுக்கு. நான்காவதில் பாத்திரம் பண்டம், ஐந்தாவதில் மேசை, நாற்காலி, கட்டில். நடுவில் தரையிலிருந்து கண்ணாடிக் கூரை வரை வெட்டவெளி. அதில் குறுக்கும் நெடுக்குமாக நகரும் படிகள், ஊருக்கே அதுதான் முதல். ஒன்றும் வாங்க வக்கில்லாதவர்கள்கூட அதில் ஒரு தடவை ஏறி இறங்கவென்றே குடும்பத்தோடு வந்தார்கள். கடைக்குட்டியின் அம்மா கல்யாணமான புதிதில் ஏறப்போய், இறங்கத் தெரியாமல் ஒரு செருப்பைப் பறிகொடுத்தாள். சாகிற வரை அப்பாவை அதற்காகச் சொல்லிக்காட்டினாள், என்னவோ அவர்தான் அந்தப் படியைக் கண்டுபிடித்த மாதிரி.

அப்பா இரண்டாவது மாடிக்கு மேற்பார்வையாளர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே மாடி. வேலைக்காரர்கள் விஷயத்தில் பெரிய முதலாளிக்குச் சில சட்டங்கள் இருந்தன. கடை கொடுக்கிற வெள்ளைச் சட்டையில் பை இருக்காது. பை இருந்தால்தானே எதையாவது போட்டுக்கொள்ளத் தோன்றும் என்பது அவர் கணக்கு. முன்வாசல் வாடிக்கையாளருக்கு மட்டும். வேலைக்காரர்கள் வருவதும் போவதும் பக்கத்துச் சந்தில் இருக்கிற பின்வாசல் வழியாக. சாயங்காலம் எல்லாரும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். வாட்ச்மேன் ஒவ்வொருவருடைய பையையும் திறந்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூட எடுத்துப் பார்த்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி "போலாம்" என்றால் போகலாம். சரக்கு இறக்கும் சரிவுப் பாதை வழியாக உள்ளே வந்தாலும் வரலாம், வெளியே மட்டும் போகக் கூடாது. அந்தப் பக்கமாகப் போனவன் திருடன். அப்படி ஒரு தையற்காரர் மழைக்குப் பயந்து போய், மறுநாள் வேலையை விட்டே போனார்.

திருடன் என்று எண்ணித்தானே தினமும் சோதிக்கிறார்கள் என்று அம்மா கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "என் பையில ஒரு நாளும் ஒண்ணும் இருந்ததில்ல. அதை ஊருக்கு முன்னால காட்டிட்டு வர்றேன். உனக்கு என்ன தெரியும்" என்பார். வீட்டில் போடுகிற சட்டையிலும் பையைப் பிரித்து எடுத்துவிடுவார். பஸ் டிக்கெட்டை டப்பா மூடிக்குள் வைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு நாள்தான் வேலைக்காரனுக்கு முன்வாசல். ஓய்வு பெறுகிற நாள். அன்றைக்கு எல்லா மாடிக்காரர்களும் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். முதலாளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்பா எத்தனையோ பேருக்குக் கைதட்டியிருக்கிறார். அவருடைய முறை வரவில்லை. பெரிய முதலாளி போய், சின்ன முதலாளி வந்து, ஊருக்கு வெளியே புதுப் புது வணிக வளாகங்கள் வந்து, இங்கே ஒவ்வொரு மாடியாக விளக்கை அணைத்துக்கொண்டே வந்தார்கள். அப்பா ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தபோது, ஒரு நாள் காலையில் போனால் பின்வாசலில் சங்கிலி. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் வரை சந்திலேயே நின்றுவிட்டு, டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு வந்தார்.

அப்புறம் பல வருஷம் கட்டடத்தில் புறாக்கள் குடியிருந்தன. புறாக்களைக் காலி செய்துவிட்டு ஒரு கம்பெனி வந்தது. முகப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே குடலை உருவுகிற மாதிரி எல்லாவற்றையும் உருவிப் போட்டார்கள். நடுவிலிருந்த வெட்டவெளிக்கும் மாடிக்கு மாடி தரை போட்டார்கள். காற்று நிற்கிற இடத்துக்கும் வாடகை வாங்கத் தெரிந்தவர்கள். தூண்களுக்கு நடுவே கண்ணாடி அறைகள், அறைகளுக்குள் கணினிகள். இப்போது மாடிக்கு இரண்டு மூன்று அலுவலகம். பழைய பெருமையை விட்டுவிடக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான், கூட்டம் நடத்துகிற அறைகளுக்கெல்லாம் பழைய கடைப் பிரிவுகளின் பெயரை வைத்தான். தொப்பி, வாசனை, பொம்மை, செருப்பு. கீழ்க்கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய புகைப்படம் மாட்டினார்கள். முன்வாசல் வழியாகப் பூச்செண்டோடு ஒருவர் வெளியே வருகிறார், இரண்டு பக்கமும் ஆட்கள் கைதட்டுகிறார்கள். கீழே "மகிழ்ச்சியான வாடிக்கையாளர்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர் வாடிக்கையாளரே அல்ல, ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை. கைதட்டுகிறவர்களில் ஓரத்தில் பாதி முகம் தெரிகிற இளைஞர்தான் கடைக்குட்டியின் அப்பா. தினமும் காலையில் அந்தப் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் லிஃப்டுக்குப் போவாள்.

அப்பா இதற்கு முன்பே இரண்டு தடவை உள்ளே வந்துவிட்டார். கார் நிறுத்துமிடத்துக்கு இறங்குகிற சரிவுதான் பழைய சரக்குப் பாதை. அதன் வழியாக வந்து படியேறிவிடுகிறார். முதல் தடவை, கணினி முன் கூனிக்கொண்டிருந்த ஒரு பையனை எழுப்பி, "நிமிர்ந்து நில்லுங்க தம்பி, தோள் அளவு பார்க்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பையனும் சிரித்தான். இரண்டாவது தடவை, வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய், நாற்காலிகளை ஒழுங்குபடுத்த வேண்டும், எல்லாரும் எழுந்திருங்கள் என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

டீம் லீடர் அவளைச் 'செருப்பு' அறைக்குக் கூப்பிட்டுத்தான் எச்சரித்தான். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவன், கெட்டவனும் இல்லை. "மேடம், எனக்குப் புரியுது. ஆனா கட்டடத்துக்காரங்க எழுதியே குடுத்துட்டாங்க. மூணாவது தடவை நடந்தா என் கையில ஒண்ணும் இல்ல. உங்க கார்டை வாங்கிடச் சொல்லிட்டாங்க" என்றான்.

வேலை போனால் வேலையோடு போகாது. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் அண்ணன் ஏற்கெனவே இடம் பேசி வைத்திருந்தான். அவள் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். ஞாபகம் தப்பியவர்களுக்குத் தனிக் கூடம், வெளியே பூட்டு. எழுந்து நடக்கிற கிழவர்களைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் அவளைப் பார்த்து, கட்டின கையாலேயே வா வா என்று விரலை அசைத்தார். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் அசரவில்லை. "உனக்குச் சம்பளம் வர்ற வரைக்கும் நீ பார்த்துக்க, நான் குறுக்க வரல. அது நின்னா அப்பா அங்கதான். என்னால ரெண்டு குடும்பம் இழுக்க முடியாது" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்கிறவன். நல்ல குணமென்று அம்மா அதைத்தான் மெச்சிக்கொள்வாள்.

ஆகவே யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் அவரைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள். இரண்டாவது மாடியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இல்லை. சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது, அப்பா மேலே போயிருப்பார் என்று தோன்றியது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் சாப்பிடுகிற இடம் ஐந்தாவது மாடியில், கட்டில்களுக்குப் பின்னால் இருந்தது. விற்காத கட்டிலில்கூட உட்காரக் கூடாது, தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். லிஃப்டுக்குக் காத்திருக்க மனசு கேட்காமல் படியில் ஓடினாள்.

ஐந்தாவது மாடியில் மென்பொருள் கம்பெனி. கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் மிருகக்காட்சிசாலையில் பார்க்கிற மாதிரி அவளைத் திருப்பிப் பார்த்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் மேசைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லை. நான்காவது மாடியில் வக்கீல்கள். பாத்திரங்கள் அடுக்கின இடத்தில் கம்பளம் விரித்து, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் இல்லை. மூன்றாவதில் பாதி மாடி காலி, வாடகைக்கு என்று ஒட்டியிருந்தது. தூசியில் ஏதாவது கால்தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். தன் அப்பாவைத் துப்புத் துலக்கித் தேட வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். அழுவதற்கு வீட்டில் நேரம் இருக்கும், இங்கே இல்லை.

படியில் பாதியில் நின்றபோதுதான் விளக்குகள் அணைந்தன. முழுக்க அல்ல, பாதி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று கட்டடத்துக்காரர்கள் சாப்பாட்டு வேளையில் தினமும் தானாகவே பாதி விளக்குகள் அணைகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் டப்பாவை எடுப்பார்கள். கடைக்குட்டி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பெரிய முதலாளியின் கடையில் மூடுகிற நேரத்துக்கு மணி அடிக்க மாட்டார்கள். வந்தவர்களை விரட்டுகிற மாதிரி இருக்குமாம். பாதி விளக்கை அணைப்பார்கள். வாடிக்கையாளர்கள் தாங்களே புரிந்துகொண்டு முன்வாசலுக்கு நகர்வார்கள். வேலைக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வரிசைக்குப் போவார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தால் என்ன, அப்பாவுக்கு இப்போது கடை மூடியாகிவிட்டது.

அவள் தடதடவென்று கீழே இறங்கினாள்.

கீழ்த்தளத்தின் பின்பக்கம், குப்பை வண்டிகள் நிறுத்துகிற ஒரு குறுகலான நடை. அது போய் ஒரு சுவரில் முடியும். பின்வாசல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, சாயம் பூசி, நடுவில் தீயணைக்கும் குழாய்ச் சுருளை மாட்டியிருந்தார்கள். அந்தச் சுருளுக்கு நேர் எதிரே அப்பா நின்றுகொண்டிருந்தார். முன்னால் இன்னும் நாலைந்து பேர் நிற்பது போல இடைவெளி விட்டு நின்றார். இடது கையில் பை. வலது கையில் சாப்பாட்டு டப்பா, மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒரு ஓரமாகத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "உங்க அப்பாவா? விளக்கு அணைஞ்சதும் வந்து நின்னாரு. உட்காருங்கன்னா, வரிசையில வாம்மான்னு எனக்குப் புத்தி சொல்றாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. ஆனா சாப்பாடு முடிஞ்சதும் செக்யூரிட்டி இந்தப் பக்கம் ஒரு சுத்து வருவான். சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடு" என்றாள்.

"அப்பா, வாங்க போலாம்."

அவர் திரும்பிப் பார்த்தார். தெரிந்த முகம்தான், எந்த மாடி என்று யோசிக்கிறார் போலிருந்தது. "வரிசை நகரவே மாட்டேங்குதும்மா" என்றார்.

"இந்தப் பக்கமாப் போயிடலாம்ப்பா. கார் நிக்கிற இடம் வழியா."

"சரக்கு வாசல் வழியாவா?" அப்பாவின் முகம் கறுத்தது. "நான் என்ன திருடிட்டா போறேன்?"

சாப்பாட்டு நேரத்தில் பாதி போகிற வரை கெஞ்சிப் பார்த்தாள், அவர் அசையவில்லை. பிறகு அந்த வாட்ச்மேனாகவே ஆகிப் பார்த்தாள். பையை வாங்கித் திறந்தாள். துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. டப்பாவுக்குள் காலையில் அவள் வைத்த சோறு அப்படியே இருந்தது. தோளில் தட்டி, "போலாம்" என்றாள். அவர் பையை வாங்கிக்கொண்டு, நேரே சுவருக்குப் போனார். சாயத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். மேலே தடவினார், கீழே தடவினார், குழாய்ச் சுருளைச் சுற்றித் தடவினார். தாழ்ப்பாளைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"கதவு எங்கம்மா?"

அவள் அவர் தோளில் கையை வைத்துத் திருப்பப் பார்த்தாள்.

"இங்கதான இருந்துச்சு. காலைல நான் இது வழியாத்தான வந்தேன். எல்லாரும் போயிட்டாங்களா? என்னை மட்டும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்களா?" அவர் குரல் ஏறியது. சுவரைத் தட்டினார். "வாட்ச்மேன். வாட்ச்மேன்."

கூட்டுகிற அம்மா பயந்துபோய் நடையின் முனையை எட்டிப் பார்த்தாள். கடைக்குட்டி அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். கிழவர் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ. இன்னும் நாலு தட்டுத் தட்டினால் கட்டடமே கூடிவிடும். கடை இல்லைப்பா, மூடிப் பல வருஷம் ஆச்சு என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதார். மறுநாள் மறந்துபோனார். மறுபடி கேட்டார். ஒரே சாவை ஒரு மனிதருக்கு எத்தனை தடவை சொல்வது? அதனால்தான் 'இன்னைக்கு லீவு' என்ற பொய் வீட்டுக்குள் வந்தது. எல்லாக் காலையையும் அந்த ஒரு பொய்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

இருப்பது முன்வாசல் ஒன்றுதான். அதன் வழியாக வேலைக்காரன் போகிற நாள் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு உங்களுக்கு ரிட்டயர்மென்ட். அதான் இந்தக் கதவைத் திறக்கல. நீங்க முன்வாசல் வழியாப் போகணும்."

அவர் கை சுவரிலேயே நின்றது.

"இன்னைக்கா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"முன்னாடியே சொல்ல வேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

அவர் டப்பாவை மெதுவாக மூடினார். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று அழுத்திப் பார்த்தார். "அவ்வளவுதானா?" என்றார். பிறகு, "அப்ப நாளைக்கு?" என்றார்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். வாங்கப்பா."

நடந்தார்கள். அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். முதலாளி வந்திருக்கிறாரா என்று கேட்டார். வந்திருப்பார் என்றாள். எல்லாரும் நிற்பார்களா என்று கேட்டார். நிற்பார்கள் என்றாள். அவள் கணக்கு வேறு. சாப்பாடு முடிந்து திரும்புகிற கூட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம். செக்யூரிட்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இந்த ஒரு தடவை மட்டும், இந்த ஒரு தடவை மட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே நடந்தாள். யாரைக் கெஞ்சுகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

கீழ்க்கூடத்தில் லிஃப்டுகள் இரண்டு பக்கச் சுவரிலும் இருந்தன. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் லிஃப்டுக்காக வரிசை நிற்கும். இன்றைக்கும் நின்றது. நடுவில் முன்வாசல் வரை வழி விட்டு, கையில் காபிக் கோப்பையும் கழுத்தில் அட்டையுமாக ஆட்கள் நின்றார்கள். அப்பா அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இவ்வளவு பேரா?" என்றார்.

பிறகு நிமிர்ந்தார். அவள் கையை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தலையை அசைத்துக்கொண்டே நடந்தார். "வர்றேங்க. வர்றேம்மா. நல்லா இருங்க தம்பி." போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். யாரோ ஒரு பெண் பதிலுக்குத் தலையசைத்தாள். யாரும் கைதட்டவில்லை. ஒருவேளை வழக்கம் மாறியிருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். நழுவிவிடலாம் என்று போட்ட கணக்கு அந்த முதல் "வர்றேங்க"விலேயே போய்விட்டது. இனி ஒளிய இடமில்லை. அவள் அவருக்குப் பின்னால் நடந்தாள்.

அட்டையைக் காட்டினால் திறக்கிற தடுப்பு வந்தது. அவள் தன் அட்டையைக் காட்டி அவரை முதலில் அனுப்பினாள். அந்தப் பக்கம் செக்யூரிட்டி எழுந்துவிட்டான். அவனுக்குப் பக்கத்தில், சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்த டீம் லீடர் நின்றான்.

"மேடம்" என்றான் அவன்.

"ஒரு நிமிஷம் சார். இவருக்கு இன்னைக்கு ரிட்டயர்மென்ட். வெளிய விட்டுட்டு வந்துடறேன்."

அப்பா டீம் லீடரை மேலும் கீழும் பார்த்தார். நல்ல சட்டை, பளபளக்கிற செருப்பு. "சின்ன முதலாளி" என்று சொல்லிப் பையைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார். டப்பா மூடியையும் எடுத்தார். "பார்த்துடுங்க. கடைசி நாள்னு விட்டுட வேணாம்."

அந்தப் பையன் பைக்குள் பார்த்தான். துண்டு, பாட்டில், ஆறிப்போன சோறு. அவன் காதுமடல் சிவந்துவிட்டது. கூடத்தில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்க" என்றான். "போலாம்."

அப்பா காத்திருந்தார். என்னவென்று அவனுக்குப் புரியவில்லை. கடைக்குட்டி தன் தோளைத் தானே தட்டிக் காட்டினாள். அவன் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு, அதே கையை அவள் பக்கம் நீட்டினான். ரொம்ப மெதுவாகச் சொன்னான்: "மேடம், கார்டு. மேல கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்பாங்க. உங்க பொருளையெல்லாம் நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்து விடறேன்."

அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வாதாடவில்லை. வாதாட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

முன்வாசல் கண்ணாடிக் கதவு அப்பா பக்கத்தில் போனதும் தானாகவே விலகியது. அவர் யார் திறந்தது என்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து வெளியே போனார். அவள் பின்னாலேயே போனாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே வெயிலில் கண் கூசியது. இப்போதுதானே கடை மூடினார்கள், இதென்ன வெயில் என்று அவர் கேட்கவில்லை. முன்வாசல் படியில் நின்று, வேலை முடித்துப் போகிறவராக, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்திலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

"உன் அட்டை எங்க?"

"வாங்கிக்கிட்டாங்கப்பா."

"அப்ப உனக்கும் இன்னைக்குத்தானா?"

"ஆமாப்பா."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? நான் முன்னால நடந்து வந்துட்டேனே" என்றார். பையைத் தரையில் வைத்தார். டப்பாவை அதன் மேல் வைத்தார். இரண்டு அடி தள்ளி, படியின் ஓரமாக, அந்தப் படத்தில் நிற்கிற மாதிரியே நின்று, அவளைப் பார்த்துக் கைதட்டினார். தனியாளாக, நிதானமாக, வெகுநேரம் தட்டினார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி பார்த்தான். அவள் முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதாள்.

கைதட்டி முடித்து அவர் பையை எடுத்துக்கொண்டார். தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"சரி" என்றார். "நாளைக்கு நாம ரெண்டு பேரும் எங்கம்மா போறது?"

இன்னைக்கு லீவு என்ற சொல் வழக்கம்போல வாய் வரை வந்தது. ஓய்வு பெற்றவருக்கு ஏது லீவு? அவள் அதை அப்படியே விழுங்கினாள். கைக்குள் போன் அதிர்ந்தது. எதிர்வீட்டு அக்கா பயந்துபோய்த் தகவல் சொல்லியிருப்பாள், அண்ணன்தான் கூப்பிட்டான். அப்பா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.